பன்னிரண்டாம் ஸ்தலம் யார் வீட்டுக்கு

ஆஸ்பத்திரியில் ஊசியும் பஞ்சும் வைத்துத் தூக்கி வருவார்களே, ஒரு பக்கம் உள்வாங்கி வளைந்த எவர்சில்வர் தட்டு, அதில்தான் எங்கள் தெருவின் சீட்டுகள் இருக்கும். நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து, ஒன்று முதல் பதினான்கு வரை எண் எழுதி, நான்காக மடித்த துண்டுகள். திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்ததும், கட்டிய பட்டுச்சேலையை மாற்றக்கூட நேரமில்லாமல் எல்லோரும் நர்ஸ் ஆண்ட்டி வீட்டு ஹாலில் கூடுவோம். அவர் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டு, வார்டில் மாத்திரை கொடுக்கிற அதே நடையில் ஒவ்வொருவர் முன்னாலும் தட்டை நீட்டிக்கொண்டு வருவார். "எடுங்க, எடுங்க, ஊசி இல்ல, பேப்பர்தான்" என்பார். வருடா வருடம் அதே ஜோக். வருடா வருடம் சிரிப்போம்.

நான் லிங்கராஜபுரத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தங்கவயல். அங்கே சிலுவைப்பாதை என்றால் கோயிலுக்குள்ளேயே சுவரில் மாட்டிய பதினான்கு படங்களைச் சுற்றி வருவதோடு சரி. இங்கே அப்படி இல்லை. தவக்காலத்தின் ஐந்தாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவை தெருவுக்கு வந்துவிடும். தெருவைப் பார்த்து வாசல் வைத்த கத்தோலிக்க வீடுகள் பதினான்கு இருந்தன. ஆளுக்கொரு ஸ்தலம். அவரவர் கேட்டுக்கு முன்னால் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவர்த்தியும் வைக்க வேண்டும். ஊர்வலம் அங்கே நிற்கும், முழங்காலிட்டு ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகரும். வீடுகளின் வரிசைப்படி ஸ்தலம் வராது, சீட்டில் விழுந்தபடிதான் வரும். அதனால் ஊர்வலம் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்துகொண்டே இருக்கும். மாடுகூட எங்களைப் பார்த்து ஒதுங்கி நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்று வந்த புதிதில் நான் கேட்டேன். என் மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அப்படி வைத்தால் பன்னிரண்டாம் ஸ்தலம் வருடா வருடம் ஒரே வீட்டுக்கு வந்துவிடுமாம். பன்னிரண்டு என்பது ஆண்டவர் சிலுவையில் உயிர்விடும் இடம். அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டில் அடுத்த தவக்காலத்துக்குள் ஒரு சாவு விழும் என்பது எங்கள் தெருவின் விசுவாசப் பிரமாணத்தில் எழுதப்படாத ஒரு வரி. நான்காம் ஸ்தலத்துக்கு ஆசைப்படாதவர்கள் கிடையாது, ஆண்டவர் தம் தாயைச் சந்திக்கிற இடம். வெரோணிக்கம்மாள் முகம் துடைக்கிற ஆறாவதற்கும் நல்ல மவுசு. கல்லறையில் அடக்கம் செய்கிற பதினான்குகூடப் பரவாயில்லை, அதன்பிறகு உயிர்ப்பு இருக்கிறது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். பன்னிரண்டு மட்டும் கூடாது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதைக் கண்டித்துப் பேசிய அன்று எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து செருப்பு மாட்டும்போது "ஃபாதருக்கென்ன, அவருக்குப் பொண்டாட்டி புள்ளையா?" என்றார்கள். புதன்கிழமை வரிசையில் நின்று, மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லிச் சாமியார் பூசும் சாம்பலுக்கு நெற்றியைக் காட்டுவோம். அதே நாங்கள்தான் ஒரு துண்டுத் தாளுக்குப் பயந்து நடுங்கினோம்.

நல்லவேளையாக அந்தப் பன்னிரண்டு வருடா வருடம் நர்ஸ் ஆண்ட்டி வீட்டுக்கே விழுந்தது. தட்டு எல்லோரையும் சுற்றி முடிந்ததும், "மிச்சம் இருக்கறது எனக்கு" என்று கடைசிச் சீட்டை எடுத்துப் பிரிப்பார். "பாருங்க, மறுபடியும் பன்னெண்டு! என் வீட்டு அட்ரஸ் அதுக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு" என்று எல்லோருக்கும் காட்டுவார். ஹாலில் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் ஒன்றாக வெளியே வரும். அப்புறம் காபி வரும், பன் வரும், "ஆண்ட்டிக்கு ஆண்டவர் கொடுத்த வரம்" என்று யாராவது சொல்வார்கள். அவர் வீட்டில் யாரும் சாகவில்லையே என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். தினமும் சாவைத் தொட்டு வேலை செய்கிறவர், அவரைச் சாவு ஒன்றும் செய்யாதாம்.

அவர் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண்கள் வார்டில் சிஸ்டராக இருந்தவர். நல்ல உயரம், நல்ல குரல். தெருவில் யாருக்கு ஜுரம் என்றாலும் முதலில் திட்டு, அப்புறம்தான் மருந்து. அன்பியம் என்கிற எங்கள் தெரு ஜெபக்குழுவின் தலைவி என்ற முறையில் ஜெபமாலை சொல்ல வருகிறவர், காரியம் கொஞ்சம் தாமதமானால் ஜெபத்தின் நடுவிலேயே பிரஷர் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அவர் கணவர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், அதற்கு நேர்மாறு. தொழிற்சாலை ஒன்றில் லேத் மிஷினில் வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர், பேசுவதே அபூர்வம். ஆண்ட்டி யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் நின்று, திட்டு வாங்குகிறவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

எனக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இரண்டாம் தடவை, தெருக்கோடி வீட்டு அம்மாள் ஒருத்தி என்னைப் பார்க்க வந்து, என் காதுபடவே மாமியாரிடம் சொன்னாள்: "ரெண்டு வீடு தள்ளி வருஷா வருஷம் பன்னெண்டு நிக்குதுல்ல, காத்து இங்கயும் அடிக்கும்." நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அன்று மாலை டியூட்டி முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நர்ஸ் ஆண்ட்டி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க பாரும்மா. யாரும் எதையும் கொண்டாந்து உன் வயித்துல வெக்கல. இது யாரு பாவமும் இல்ல, எந்த ஸ்தலமும் இல்ல. எத்தன கர்ப்பம் இப்பிடி போவுதுன்னு ஆஸ்பத்திரில வந்து பாரு. கஞ்சி குடி, தூங்கு, சும்மா யோசிச்சு பேஜார் பண்ணிக்காத" என்றார். அப்புறம் கோடி வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் அவர் பேசியது எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. அதை இங்கே எழுத முடியாது. அந்த ஒரு மாலைக்காக நான் அவரை வாழ்நாள் முழுக்க நேசிக்கலாம் என்று தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் நான் செக்கிங். நாள் முழுக்கச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் தொழில். அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. கல்யாணமான இரண்டாம் வருடமே நான் பார்த்துவிட்டேன். ஹாலில் இளைய மருமகள் நான்தான், அடுக்களை வாசலோரம் உட்காருவேன், தட்டு என்னிடம்தான் கடைசியாக வரும். என் சீட்டை நான் எடுத்ததும் தட்டு காலி. ஒன்றும் கிடையாது. ஆனால் ஆண்ட்டி தட்டைத் தன் பக்கம் சாய்த்து, உள்ளே கைவிட்டு, 'மிச்சம் இருக்கிற' சீட்டை எடுத்துப் பிரிப்பார். அது முதலிலிருந்தே அவர் உள்ளங்கையில் இருந்தது. தட்டில் எப்போதும் பதிமூன்றுதான், பன்னிரண்டு அதில் விழுந்ததே கிடையாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒட்டாமல் விட்ட ஒரே ஸ்டிக்கர் அதுதான்.

நான் மூன்றாம் தடவை உண்டாகி ஐந்து மாதம் ஆகியிருந்தபோது ஒரு சீட்டு ஞாயிறு வந்தது. அந்த வருடம் டிசம்பரிலிருந்தே அங்கிள் படுக்கையோடு இருந்தார். இதயம். கால் வீங்கி, மூச்சு இரைத்து, நான்கு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். ஹாலில் நாங்கள் கூடியிருக்க, உள் அறையிலிருந்து அவருடைய இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆண்ட்டி அன்று ஜோக் சொல்லவில்லை. மரியே சொல்லும்போது நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார். தட்டு சுற்றிவந்து என் முன்னால் நின்றபோது பார்த்தேன். உள்ளே இரண்டு சீட்டுகள் இருந்தன.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் செய்ததில் தப்பே இல்லை. பதினான்கு வீடு, பதினான்கு சீட்டு, அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சீட்டு ஒழுங்காகப் போடப்பட்டது. அந்த நிமிடத்தில் அதையெல்லாம் யோசிக்க எனக்கு எங்கே நேரம்? இரண்டில் ஒன்றை எடுத்தேன். பிரித்தேன். அவருக்கு விழுந்தது நான்கு. என் கையில் இருந்தது பன்னிரண்டு.

எல்லோருடைய கண்ணும் என் வயிற்றுக்குப் போனது. என் மாமியார்தான் எழுந்தார். "யாராச்சும் மாத்திக்கோங்க. மாசமா இருக்கற பொண்ணு. யாராச்சும்..." என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொருவரும் கையிலிருந்த சீட்டை இன்னும் சின்னதாக மடித்தார்கள். காபி வருவதற்கு முன்பே பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மாமியார், "அவங்களுக்கு நாலு, நமக்குப் பன்னெண்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் காதில் ஒலித்தது வேறு. எந்த ஸ்தலமும் இல்ல, எந்த ஸ்தலமும் இல்ல. அப்படிச் சொன்னவர் தன் புருஷனுக்கு என்று வந்ததும் அதை வாசலை விட்டுத் தள்ளிவிட்டாரே. பயமில்லாத ஒருத்தர் தெருவில் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் அதுவரை பயப்படாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நாலு மணி வாக்கில் அவர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையை நீட்டினார்.

"பன்னெண்டக் குடும்மா. நான் வெச்சுக்கறேன். நாலு நீ எடுத்துக்க."

கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் என் மாமியார் அன்றைக்கே மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார். ஆனால் எனக்கு உள்ளே ஏதோ ஏறிக்கொண்டது.

"ஏன் ஆண்ட்டி? அதுல ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லதான்."

"அப்ப எங்க வீட்லயே இருக்கட்டும்."

நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அதே கையால் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் ஜெயித்தேன். ஜெயித்த கையோடு உள்ளே போய், பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, என் வாழ்க்கையிலேயே மோசமான ஜெபத்தைச் செய்தேன். ஆண்டவரே, சாவு வந்துதான் தீரும் என்றால் அது அவர்கள் வீட்டுக்கே போகட்டும், அங்கேதான் ஏற்கனவே ஒருத்தர் படுத்திருக்கிறாரே, என் பிள்ளையை மட்டும் விட்டுவிடும். வார்த்தை வார்த்தையாக இதைத்தான் சொன்னேன். சொல்லி முடித்து ஆமென் என்றும் சொன்னேன்.

அந்தத் தவக்காலம் எனக்கு எப்படிப் போனது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பிள்ளை வயிற்றில் அசைந்தால் பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம். மாசமாக இருக்கிறவளுக்கு ஒருசந்தி கிடையாது, சாப்பிட வேண்டும் என்று சாமியாரே சொல்லிவிட்டார். ஆனால் போட்ட சோற்றைப் பாதியிலேயே மூடி வைத்துவிடுவேன். ஆண்ட்டியும் நானும் கோயிலில் பார்த்துக்கொள்வோம், தலையசைப்போம், அவ்வளவுதான். அவர் என் நடையைப் பார்ப்பார், கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், எனக்குத் தெரியும். என்னிடம் வந்து எதையும் கேட்கவில்லை.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா எங்கள் கேட்டுக்கு முன்னால் தண்ணீர் தெளித்து, பெரிதாக ஒரு ரங்கோலி போட்டார். வருகிறவர் எந்தச் சாமியாக இருந்தால் என்ன, வாசல் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. மூன்று மணிக்கு ஆண்ட்டி வந்தார், கேட்காமலே மேசையை இழுத்துப் போட்டு, தான் கொண்டுவந்த வெள்ளைத் துணியை விரித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மடிப்பது போல நான்கு மூலையையும் இறுக்கி மடித்தார். ஊர்வலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு வீடு தூரத்துக்கு ஆட்டோ! அதிலிருந்து அங்கிளை இரண்டு பேர் தாங்கி இறக்கி, எங்கள் கேட்டோரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்தார்கள். "வருஷா வருஷம் நம்ம வீட்டுக்கு வந்தவரு. இந்த வருஷம் எங்க போறாருன்னு பாக்க வேணாமா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார் அங்கிள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஜெபத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பன்னிரண்டாம் ஸ்தலம் அறிவித்ததும் எல்லோரும் ரோட்டிலேயே முழங்காலிட்டார்கள். அந்த இடத்தில் மட்டும் ஜெபம் கிடையாது, கொஞ்ச நேரம் மௌனம். பஸ் ஹாரன், எங்கோ பிரஷர் குக்கர், மெழுகு உருகுகிற வாசம். என்னால் முழங்காலிட முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்ட்டி என் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அவருடைய விரல்கள் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. நாடி பார்க்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது. மௌனம் முடிகிறவரை அவர் விரலை எடுக்கவே இல்லை. ஜெபித்தாரா, எண்ணினாரா, எனக்குத் தெரியாது.

ஜூன் மாதம் எனக்கு மகள் பிறந்தாள். சுகப்பிரசவம், மூன்று கிலோ, பிறந்ததும் ஆஸ்பத்திரியே அதிர அழுதாள். நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த மறு வாரம், அங்கிள் போய்ச் சேர்ந்தார். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி, காபி கேட்டுவிட்டு, காபி வருவதற்குள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றேன். ஆண்ட்டி என்னைக் கட்டிக்கொண்டு, "பாத்தியா, பன்னெண்டு உன் வீட்ல, சாவு என் வீட்ல" என்று சொல்லி அழுதார். சுற்றி நின்றவர்களுக்கு அது ஒரு புலம்பல், அவ்வளவுதான். எனக்கு அது நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டதற்கான ரசீது.

அடுத்த வருடம் சீட்டு ஞாயிறு அன்று, எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஆண்ட்டி தட்டை எடுத்து வரவில்லை. வெறுங்கையோடு நடு ஹாலில் நின்றார். "நான் இனிமே தலைவியா இருக்கறது சரியில்ல" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அத்தனை வருடமும் பன்னிரண்டு தட்டில் இருந்ததே இல்லை, தன் கையில்தான் இருந்தது. போன வருடம் புருஷன் படுத்தபோது தனக்கும் பயம் வந்துவிட்டது. "உங்களுக்கெல்லாம் வாய் கிழிய புத்தி சொன்னேன். எனக்குன்னு வந்தப்ப அந்தப் புத்தி எங்கயோ போயிடுச்சு. அத எடுத்துத் தட்டுல போட்டேன். அது போயும் போயும் இந்தப் பொண்ணு கைல விழுந்துச்சு. அவ எதுவும் சொல்லல. ஆனா நான் சொல்லணும்." என்னைப் பார்த்துக் கைகூப்பினார். என் மகள் என் மடியில் உட்கார்ந்து ரொட்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். இதுதான் நேரம், எழுந்து நீயும் சொல் என்று உள்ளே ஒன்று பிடித்துத் தள்ளியது. நான் எழாமல் குனிந்து மகளின் வாயைத் துடைத்தேன்.

மூன்றாவது வீட்டு அக்கா தொண்டையைச் செருமினார். ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தோம்.

"ஆண்ட்டி, அது போவட்டும். இந்த வருஷம் பன்னெண்ட எங்க வீட்டுக்குக் குடுங்க. எங்க மருமவளுக்கு நாலு வருஷமா இல்ல."

"எதுக்கு?" என்றார் ஆண்ட்டி.

"அதான், இவ வீட்ல நின்னுச்சு, இவளுக்குக் கொழந்த வந்துச்சே."

உடனே பின்னாலிருந்து வேறொருத்தி, "நான் போன மாசமே கேக்கணும்னு இருந்தேன், என் தங்கச்சி இங்கதான் வந்து இருக்கறா" என்றாள். இன்னொருவர் வரிசைப்படி வருடத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். ஆண்ட்டியின் கூப்பிய கை மெதுவாக இறங்கியது. முகம் சிவந்தது. "உங்க மண்டைல என்னதான் இருக்கு? போன வருஷம் வரைக்கும் சாவு, இந்த வருஷம் புள்ளயா? அது ஆண்டவர் செத்த எடம்டி, மெட்டர்னிட்டி வார்டு இல்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் மகள் ரொட்டியைக் கீழே போட்டாள். திட்டிக்கொண்டே உள்ளே போனார், திட்டிக்கொண்டே தட்டோடு வெளியே வந்தார். தலைவி பதவியை விடுவது பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் எங்களை மேய்த்தார்.

இப்போது தெரு மாறிவிட்டது. பாதி வீடுகளை இடித்து மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள், ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளைகள் குடியிருக்கிறார்கள், அன்பியத்துக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. பொறுப்பு என் தலையில். பதினான்கு சீட்டையும் நேர்மையாகப் போடுகிறேன். பன்னிரண்டுக்கு இப்போது அடிதடி. வெளிநாட்டிலிருந்துகூட ஒருத்தி மெசேஜ் போடுகிறாள், "அம்மா வீட்டுக்கு டுவெல்த் கிடைக்குமா?" என்று. எல்லாவற்றுக்கும் சாட்சியாக என் மகளைக் காட்டுகிறார்கள். அவள் இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறாள், தன்னை யாராவது அதிசயக் குழந்தை என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவளைக் காட்டும்போதெல்லாம் எனக்கு மட்டும் அங்கிள் முகம் தெரியும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. சாமியார்கள் மன்னித்தார்கள், மூன்று மரியே சொல்லச் சொன்னார்கள். ஆனால் நான் சாகச் சொல்லி வேண்டிக்கொண்டது சாமியார் வீட்டு ஆளை இல்லையே.

இந்த வருடம் திருநீற்றுப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அத்திபெலேக்குப் பஸ் ஏறினேன். ஆண்ட்டி அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறார். எழுபத்தைந்து தாண்டிவிட்டது, குரல் மட்டும் அப்படியே. ஊறப்போட்ட அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். நானும் கீழே உட்கார்ந்து பிதுக்க ஆரம்பித்தேன். "பன்னெண்டு யாருக்கு விழுந்துச்சு?" என்று கேட்டார், சொன்னேன், "அந்தக் கிறுக்கியா" என்றார். கொட்டை பாதி முடிந்தபோது சொல்லிவிட்டேன். அவர் கை நீட்டி நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் படியிறங்கிப் போன பிறகு, நான் என்ன ஜெபம் செய்தேன் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல் அவரைக்கொட்டையைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது.

அவர் பிதுக்குவதை நிறுத்தவில்லை. நாலைந்து கொட்டை தோலை விட்டுத் தெறித்து விழுந்தது.

"அடிப்பாவி. பதினஞ்சு வருஷத்துக்கு மேல இத வயித்துல வெச்சுனு இருந்தியா?"

நான் தலையாட்டினேன்.

"அவருக்கு ஹார்ட்டு கால்வாசிதான் வேல செஞ்சுது. சீட்டுப் போட்டோமே, அதுக்கு மொத நாள்தான் டாக்டர் என்னத் தனியா கூப்ட்டு, ஆறு மாசம் சிஸ்டர், அதுக்கு மேல சொல்ல முடியாதுன்னாரு. ஒம்போது மாசம் இருந்தாரு. உன் ஜெபத்துல மூணு மாசம் கூடித்தான் வந்துச்சு போ."

மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு நான் சிரிக்கவும் அழவும் செய்தேன். அவர் கண்ணும் நனைந்திருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ஈரக் கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"உன் ஜெபத்துக்கு அவ்ளோ பவர் இருந்தா, என் முட்டி வலிக்கு ஒண்ணு பண்ணு. மாடிப்படி ஏற முடியல."

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டுகிறவரைக்கும் அவர் முழங்காலுக்காக ஜெபித்துக்கொண்டே வந்தேன். நேற்று போன் செய்து கேட்டேன். வலி அப்படியேதான் இருக்கிறதாம்.